அரிவாள் செல் நோயில் மைக்ரோ ஆர்.என்.ஏ-வும் இரத்தக் குழாயின் உட்படலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் படிக்கும் மாணவர்கள், அரிவாள் செல் நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர்கள், நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோர் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். மைக்ரோ ஆர்.என்.ஏ-வைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்த பிறகு இத்தகைய கேள்விகள் கூடிவிட்டன. கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. விடைகள் ஆய்வு நிலவரத்தை விளக்குவதற்கானவை. எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ இவற்றை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

இது சிவப்பணுவின் நோய்தானே? இதில் இரத்தக் குழாய் எங்கிருந்து வந்தது?

நோய் தொடங்கும் இடம் சிவப்பணுதான். பதினோராவது குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால், புரதச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து அமர்கிறது. அப்படி உருவான ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இழந்ததும் நீண்ட இழைகளாகக் கோத்துக்கொண்டு அணுவை விறைக்கச் செய்கிறது. லைனஸ் பாலிங் குழுவினர் 1949-இல் இதனை ஒரு மூலக்கூறு நோய் என்று அறிவித்தபோது, விறைத்த அணுக்கள் நுண்குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன என்ற விளக்கமே போதுமானதாகத் தோன்றியது.

அது போதாது என்பதை 1980-இல் ராபர்ட் ஹெப்பலும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அரிவாள் நோயாளிகளின் சிவப்பணுக்கள் குழாயின் உட்படலத்தில் இயல்புக்கு மீறி ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டும் தன்மை எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு நோயும் கடுமையாக இருக்கிறது. உட்படலம் என்பது குழாய்ச் சுவரின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்கும் செல்களாகும். குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரப்பது, இரத்தம் உறைவதைத் தடுப்பது, எந்த அணுவை ஒட்டவிடலாம் என்று முடிவு செய்வது எல்லாம் அதன் வேலைகள்.

அரிவாள் நோயில் சிவப்பணுக்கள் அன்றாடம் உடைகின்றன. உடைந்தவற்றிலிருந்து வெளிவரும் ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து அழித்துவிடுகிறது. அதிலிருந்து பிரியும் இரும்புள்ள பகுதியான ஹீம், உட்படலச் செல்லின் டி.எல்.ஆர்-4 என்னும் உணரியைத் தூண்டி, பி-செலக்டின், வான் வில்லபிராண்ட் காரணி ஆகிய ஒட்டும் புரதங்களை மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. ஆகவே நோயாளி வலியின்றி நடமாடும் நாட்களிலும் உட்படலம் எரிச்சலுற்ற நிலையிலேயே இருக்கிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ என்றால் என்ன? தூது ஆர்.என்.ஏ-வின் சிறிய வடிவமா?

இல்லை. தூது ஆர்.என்.ஏ ஒரு புரதத்துக்கான குறிப்பைச் சுமந்து செல்வது, மைக்ரோ ஆர்.என்.ஏ எந்தப் புரதத்துக்கும் குறிப்பாகாது. ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட அந்தத் துணுக்கு, ஆர்கோனாட் என்னும் புரதத்தோடு சேர்ந்துகொண்டு, தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ-வைத் தேடி ஒட்டுகிறது. பெரும்பாலும் அது ஒட்டும் இடம், தூது ஆர்.என்.ஏ-வின் கடைசியில் புரதமாக மாறாமல் நீளும் வால் பகுதி. ஒட்டியதும் அந்தத் தூது ஆர்.என்.ஏ சிதைகிறது, அல்லது அதிலிருந்து புரதம் உருவாவது குறைகிறது.

முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவில் கண்டறியப்பட்டது. புழுவுக்கு மட்டுமே உரிய விசித்திரம் என்றே அப்போது பலர் கருதினார்கள். மனிதன் வரை பல விலங்குகளில் மாறாமல் காணப்படும் லெட்-7 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ 2000-இல் வெளிவந்த பிறகே அந்தக் கருத்து மாறியது.

ஒரே ஒரு சின்னத் துணுக்கு நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் என்கிறார்கள். அது எப்படி நடக்கும்?

ஒட்டுவதற்கு 22 எழுத்துகளும் பொருந்த வேண்டியதில்லை. இரண்டாவது முதல் எட்டாவது வரையிலான எழுத்துகள் பொருந்தினாலே பெரும்பாலும் போதும். அவ்வளவு சிறிய தொடர் பல தூது ஆர்.என்.ஏ-க்களின் வாலில் இருப்பது இயல்பு என்பதால், ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ-வுக்குப் பல இலக்குகள் அமைகின்றன. ஒரே இலக்கின் மீது பல மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் ஒட்டவும் முடிகிறது.

ஆனால் கட்டுப்படுத்துவது என்ற சொல் பலரையும் தவறான எண்ணத்துக்கு இட்டுச் செல்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ மின்விசிறியின் ரெகுலேட்டரைப் போன்றதே தவிர ஸ்விட்சைப் போன்றதன்று: பல இலக்குகளில் புரத அளவு சிறிதளவே குறைகிறது. ஒரே பாதையில் உள்ள பல புரதங்கள் ஒருங்கே சிறிது சிறிதாக மாறும்போதுதான் செல்லின் போக்கு திரும்புகிறது. பின்வரும் விடைகளில் குறைகிறது, கூடுகிறது என்று வரும் இடங்களை இந்த அளவோடு பொருத்தியே படிக்க வேண்டும்.

நல்ல ஆரோக்கியமான உட்படலத்தில் இவை என்ன செய்துகொண்டிருக்கின்றன?

மிகுதியாகப் பேசப்படுவது மிர்-126 (மிர் என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ-வின் சுருக்கம்). உட்படலச் செல்களில் நிறைந்து காணப்படும் இதை எலிகளில் நீக்கியபோது, குழாய்கள் கசிந்து இரத்தம் ஒழுகிக் கருக்களில் ஒரு பகுதி இறந்தன. வி-கேம்-1 என்னும் ஒட்டும் புரதத்தின் அளவை மிர்-126 அடக்கி வைக்கிறது என்று 2008-இல் தெரியவந்தது. அரிவாள் நோயில் இளஞ்சிவப்பணுக்கள் உட்படலத்தைப் பற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் கைப்பிடிகளுள் வி-கேம்-1 ஒன்று என்பதால், நம் பேச்சுக்கு இது முக்கியமாகிறது.

மிர்-10ஏ, அழற்சியைத் தூண்டும் என்.எஃப்-கப்பா-பி பாதையைத் தணிக்கிறது. மிர்-146ஏ அதே பாதையை வேறோர் இடத்தில் தடுக்கிறது. மிர்-92ஏ எதிர்ப்பக்கம் நிற்பது. இரத்த ஓட்டம் சுழன்று குழம்பும் இடங்களில் இது கூடி, உட்படலத்தைக் காக்கும் கே.எல்.எஃப்-2 புரதத்தைக் குறைக்கிறது. இந்த நான்கும் தமனித் தடிப்பு உள்ளிட்ட பொதுவான உட்படல ஆய்வுகளில் தெளிவானவை. அரிவாள் நோய்க்கே உரியதாக ஆராயப்பட்ட பாதை வேறு. அது அடுத்த விடையில் வருகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: அரிவாள் செல் நோயில் எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ மாறுகிறது, அதனால் உட்படலத்துக்கு என்ன நேர்கிறது?

மிகத் தெளிவாக அடுக்கடுக்காக ஆராயப்பட்ட சங்கிலி நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணியில் தொடங்குகிறது. பெயரில் நஞ்சுக்கொடி இருந்தாலும், சிவப்பணுவாக வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பு மஜ்ஜைச் செல்களும் இதைச் சுரக்கின்றன. அரிவாள் நோயாளியின் மஜ்ஜை, உடைந்த அணுக்களை ஈடுகட்ட ஓயாமல் புதியவற்றை உருவாக்கிக்கொண்டிருப்பதால், இந்தக் காரணி அவரது இரத்தத்தில் மிகுந்திருக்கிறது. இது உட்படலச் செல்லைத் தொட்டதும், ஆக்சிஜன் பற்றாக்குறையின்போது விழித்துக்கொள்ளும் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் அங்கே பெருகுகிறது. அது எண்டோதீலின்-1 சுரப்பைக் கூட்டுகிறது. எண்டோதீலின்-1 நம் உடலில் உருவாகும் பொருள்களிலேயே குழாயை மிக வலுவாகச் சுருக்குபவற்றுள் ஒன்று.

லாஸ் ஏஞ்சலிஸில் விஜய் கால்ராவும் சின்சினாட்டியில் புனம் மாலிக்கும் இணைந்து நடத்திய ஆய்வுகள் இந்தச் சங்கிலியின் நடுவில் மைக்ரோ ஆர்.என்.ஏ-வைக் கண்டன. இயல்பான உட்படலச் செல்லில் மிர்-199ஏ2 என்பது ஹிஃப்-1 ஆல்ஃபாவின் தூது ஆர்.என்.ஏ-வில் ஒட்டி அதை அளவோடு வைத்திருக்கிறது. நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணி பட்டதும் மிர்-199ஏ2 குறைகிறது. தடை தளர்வதால் ஹிஃப்-1 ஆல்ஃபாவும், அதைத் தொடர்ந்து எண்டோதீலின்-1-உம் ஏறுகின்றன. அரிவாள் நோயாளிகளின் பிளாஸ்மாவில், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில், மிர்-199ஏ2 குறைவாகவும் எண்டோதீலின்-1 மிகுதியாகவும் இருந்ததையும் 2014-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வில் மிர்-301ஏ, மிர்-454 என்ற இரண்டும் இதே காரணியால் குறைவது தெரிந்தது. இவை எண்டோதீலின்-1-இன் தூது ஆர்.என்.ஏ-விலேயே நேராக ஒட்டுபவை, அதோடு பி.ஏ.ஐ-1 என்ற புரதத்தையும் அடக்குபவை. பி.ஏ.ஐ-1 உறைந்த கட்டியைக் கரைக்கும் வேலையைத் தடுப்பதாகும். ஆகவே இந்த இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் குறைந்தால் குழாய் சுருங்குவதும், அங்கே உண்டாகும் நுண்கட்டிகள் கரையாமல் நிற்பதும் ஒருசேர நிகழ வழி உண்டாகிறது. மஜ்ஜையிலிருந்து ஒரு காரணி கிளம்பி, உட்படலத்தில் மூன்று துணுக்குகளைக் குறைத்து, இரு வேறு தீங்குகளை இணைத்துவிடுகிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே.

எண்டோதீலின் கூடுவதால் நோயாளிக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

முதன்மையாக நுரையீரலில் தெரியும். நுரையீரல் தமனிகள் நெடுநாள் சுருங்கியே இருந்தால் அவற்றின் சுவர் தடித்து, இதயத்தின் வலப்பக்கம் கூடுதல் அழுத்தத்தோடு இரத்தத்தைத் தள்ள வேண்டியதாகிறது. பெரியவர்களான அரிவாள் நோயாளிகளில் ஏறத்தாழ 6 முதல் 10 விழுக்காட்டினருக்கு இந்த நுரையீரல் மிகை அழுத்தம் இருப்பது, இதயத்துக்குள் குழாய் செலுத்தி அளந்த ஆய்வுகளில் தெரியவந்தது. படியேறும்போது மூச்சு வாங்குவதை இரத்த சோகையின் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் இருப்பதால், இது நெடுங்காலம் கவனிக்கப்படாமல் போய்விடுகிறது.

கொழுப்புக்குக் கொடுக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ-வைக் கூட்டுமாமே? அப்படியானால் எடுத்துக்கொள்ளலாம்தானே?

முதல் பாதி உண்மை. மிர்-199ஏ2, மிர்-301ஏ, மிர்-454 ஆகியவற்றின் மரபணுப் பகுதிகளை இயக்குவதில் பி.பி.ஏ.ஆர்-ஆல்ஃபா என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு. டிரைகிளிசரைடைக் குறைக்கத் தரப்படும் ஃபெனோஃபைப்ரேட் இந்தப் புரதத்தையே தூண்டுகிறது. உட்படலச் செல்களில் அதைச் சேர்த்தபோது மிர்-199ஏ2 ஏறி எண்டோதீலின்-1 இறங்கியது. அரிவாள் நோய் கொண்ட ஆய்வு எலிகளுக்கு உணவோடு கொடுத்தபோது அவற்றின் நுரையீரலிலும் அதே மாற்றம் காணப்பட்டது.

இரண்டாம் பாதிக்கு விடை, கூடாது என்பதே. ஃபெனோஃபைப்ரேட் பித்தப்பைக் கல் உண்டாகும் வாய்ப்பைக் கூட்டும். பித்தப்பை நோய் உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டவர்களுக்கும் அதைக் கொடுப்பதில்லை. அரிவாள் நோயாளிகளுக்கோ சிவப்பணு உடைவதால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மிகுந்து, இளம் வயதிலேயே பித்தக்கல் வருவது வழக்கம். சிறுநீரகமும் பலருக்குப் படிப்படியாகக் கெடுகிறது. எலியின் நுரையீரலில் கிடைத்த நன்மையை நம்பி, மனிதரின் பித்தப்பையையும் சிறுநீரகத்தையும் பணயம் வைக்க முடியாது.

பொருத்தமான விளக்கம் இருந்தும் மருந்து பயன்படாமல் போன முன்னுதாரணமும் உண்டு. நைட்ரிக் ஆக்சைடின் விளைவை நீட்டிக்கும் சில்டெனாஃபில், அரிவாள் நோயின் நுரையீரல் அழுத்தத்தைக் குறைக்கும் என்ற எதிர்பார்ப்போடு சோதிக்கப்பட்டது. மருந்து பெற்றவர்கள் வலி நெருக்கடியால், அதாவது இந்த நோயில் திடீரென வரும் கடும் வலியால், மருத்துவமனையில் சேர்வது கூடியதால் அந்தச் சோதனை 2009-இல் பாதியில் நிறுத்தப்பட்டது.

சிவப்பணுவில்தான் உட்கருவே கிடையாதே, அதில் மைக்ரோ ஆர்.என்.ஏ எப்படி இருக்கும்?

புதிதாக உருவாகாது; ஏற்கெனவே உருவானவை தங்கியிருக்கும். உட்கரு வெளியேறுவதற்கு முன்பே செல்லில் சேர்ந்த மிர்-451, மிர்-144, மிர்-16 போன்றவை முதிர்ந்த சிவப்பணுவிலும் நிலைத்து நிற்கின்றன. மிர்-451 இதில் மிக மிகுதி.

அரிவாள் நோயில் இந்தத் தங்கல் சரக்கும் மாறுபடுகிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, சில நோயாளிகளின் இளஞ்சிவப்பணுக்களில் மிர்-144 கூடியிருந்ததையும், அது ஆக்சிஜனேற்றத் தாக்குதலை எதிர்கொள்ளும் என்.ஆர்.எஃப்-2 என்ற புரதத்தைக் குறைப்பதையும், அத்தகையோருக்கு இரத்த சோகை கடுமையாக இருந்ததையும் காட்டியது. உட்படலத்தை இது நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் தாக்குதலைத் தாங்காத சிவப்பணு எளிதில் உடையும். உடைந்தால் என்ன ஆகும் என்பதை முதல் விடையில் பார்த்தோம்.

சிவப்பணுவில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ இரத்தத்தில் மிதந்து போய் உட்படலத்துக்குள் நுழையுமா?

செல்கள் தம்முடைய சவ்வால் சுற்றிய நுண்பைகளை இரத்தத்தில் விடுவது உண்மை. அவற்றுள் மைக்ரோ ஆர்.என்.ஏ இருப்பதும் உண்மை. நோயின் கடுமை வேறுபட்ட அரிவாள் நோய்க் குழந்தைகளின் நுண்பைகளில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ தொகுப்பும் வேறுபட்டிருந்ததையும், அந்த நுண்பைகள் உட்படலச் செல்களின் நடத்தையை மாற்றியதையும் 2016-இல் ஓர் ஆய்வுக் குழு வெளியிட்டது.

ஆனால் நுண்பை உட்படலத்தைக் கெடுத்தால், அதற்குள் இருந்த மைக்ரோ ஆர்.என்.ஏ-தான் கெடுத்தது என்று உடனே சொல்லிவிட முடியாது. அதே நுண்பையில் ஹீமும் இருக்கிறது. சிவப்பணு நுண்துகள்கள் ஹீமை உட்படலச் செல்களுக்குக் கடத்திக் குழாய் அடைப்பைத் தூண்டுவதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. ஹீமின் விளைவைத் தனியே பிரித்தறியாத எந்த முடிவையும் நான் பாதி முடிவாகவே எடுத்துக்கொள்வேன்.

அப்படியானால் இரத்தப் பரிசோதனையில் இவற்றை அளந்து, யாருக்கு நுரையீரல் பாதிக்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாமே?

கருத்தளவில் கவர்ச்சியானது, நடைமுறையில் குழிகள் நிறைந்தது. பிளாஸ்மாவில் அளக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ எந்தச் செல்லிலிருந்து வந்தது என்று எழுதி ஒட்டியிருப்பதில்லை. மிர்-126 உட்படலத்துக்கு உரியதென்று நாம் சொன்னாலும், இரத்தத்தில் மிதப்பதில் பெரும்பகுதி தட்டணுக்களிலிருந்து வருகிறது. அரிவாள் நோய்க்குத் தரப்படும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தை எடுத்துக்கொள்பவரின் தட்டணு எண்ணிக்கை இறங்கினால், உட்படலத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே பிளாஸ்மாவின் மிர்-126 இறங்கலாம்.

அரிவாள் நோய்க்கே உரிய குழி இன்னொன்று உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ-வை அளக்கும் முறைகளில், அளவு மாறாததாகக் கருதப்படும் ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிடுவது வழக்கம். பல ஆய்வுக்கூடங்கள் மிர்-16-ஐ அந்த இடத்தில் வைத்திருக்கின்றன. மிர்-16 சிவப்பணுவில் நிறைந்தது. சிவப்பணு உடைந்தால் பிளாஸ்மாவில் ஏறும். மற்ற நோய்களில் இரத்தம் எடுக்கும்போது நேரும் உடைவு ஒரு தொல்லை மட்டுமே. இந்த நோயிலோ உடைவு என்பதே நோய். ஒப்பீட்டு அளவே நோயாளிகளிடம் உயர்ந்திருக்கும்போது, அதோடு ஒப்பிடப்படும் ஒவ்வொன்றும் அவர்களிடம் குறைந்ததாகத் தோன்றும். ஆகையால் அரிவாள் நோயில் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ குறைந்தது என்று படித்தால், எதனோடு ஒப்பிட்டு அளந்தார்கள் என்பதையே முதலில் தேட வேண்டும். உறைதலைத் தடுக்க ஹெப்பாரின் கலந்த குழாயில் இரத்தம் எடுத்திருந்தால், அளப்பதற்காகத் துணுக்கைப் பெருக்கும் பி.சி.ஆர் வினையே தடைபடும்; ஈ.டி.டி.ஏ என்ற வேறோர் உறைதடுப்பி கலந்த குழாய் வேண்டும்.

ஒன்று குறைந்தது, மற்றொன்று கூடியது என்பதை வைத்து முன்னது பின்னதற்குக் காரணம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நோயாளியின் இரத்தத்தை மட்டும் அளந்தால் சொல்ல முடியாது. செல் அளவில் சில சோதனைகள் சேர வேண்டும். மைக்ரோ ஆர்.என்.ஏ-வின் செயற்கைப் பிரதியைச் செல்லில் கூட்டினால் இலக்குப் புரதம் குறைய வேண்டும். அதைத் தடுக்கும் எதிர்த்துணுக்கை இட்டால் புரதம் கூட வேண்டும். இலக்கின் வால் பகுதியை ஒளிரும் புரதம் ஒன்றின் மரபணுவோடு இணைத்து, ஒட்டும் இடத்தின் எழுத்துகளை மட்டும் மாற்றினால், மைக்ரோ ஆர்.என்.ஏ-வின் விளைவு மறைய வேண்டும். இந்தக் கடைசிச் சோதனைதான் ஒட்டுதல் நேரடியானதா என்பதை முடிவு செய்கிறது.

மேலே விவரித்த மிர்-199ஏ2 சங்கிலியில் செல் சோதனை, எலி, நோயாளியின் பிளாஸ்மா ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அதனால்தான் அதற்கு இவ்வளவு இடம் கொடுத்தேன். கணினிக் கணிப்பால் மட்டும் இலக்கு என்று பட்டியலிடப்பட்டவற்றை இங்கே சேர்க்கவில்லை.

எலியில் செய்ததை மனிதனுக்கு எந்த அளவுக்கு நம்பலாம்?

இந்த ஆய்வுகளில் பயன்பட்ட பெர்க்லி எலிகள் 1997-இல் உருவாக்கப்பட்டவை. அவற்றின் சொந்த குளோபின் மரபணுக்கள் நீக்கப்பட்டு, மனித ஆல்ஃபா குளோபினும் அரிவாள் பீட்டா குளோபினும் புகுத்தப்பட்டுள்ளன. சிவப்பணு உடைவு, உறுப்புச் சேதம், நுரையீரல் அழுத்தம் போன்றவற்றை இவை ஓரளவு நன்றாகவே பிரதிபலிக்கின்றன.

ஆனால் மைக்ரோ ஆர்.என்.ஏ-வைப் பொறுத்தவரை கூடுதல் கவனம் தேவை. துணுக்கின் எழுத்துகள் இரு இனங்களிலும் ஒன்றாகவே இருந்தாலும், இலக்கின் வால் பகுதியில் உள்ள ஒட்டும் இடம் எலியில் இருந்து மனிதனில் இல்லாமலும், மனிதனில் இருந்து எலியில் இல்லாமலும் போகலாம்.

ஹைட்ராக்ஸியூரியா உட்படலத்துக்கும் நல்லது என்கிறார்கள். அதுவும் மைக்ரோ ஆர்.என்.ஏ வழியாகத்தானா?

ஹைட்ராக்ஸியூரியாவின் முதன்மைப் பலன், குழந்தை கருவில் இருக்கும்போது உருவாகும் கருநிலை ஹீமோகுளோபினைக் கூட்டுவது. 1995-இல் வெளியான பெரிய சோதனையில் வலி நெருக்கடிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. வெள்ளையணுக்களைக் குறைப்பதும், நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுவதும் உட்படலத்துக்கு நேராக உதவுகின்றன. இவற்றுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ-வைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

இருப்பினும் தொடர்பு இல்லாமல் இல்லை. இந்த மருந்தை எடுத்துக்கொண்ட குழந்தைகளின் இளஞ்சிவப்பணுக்களில் மிர்-26பி, மிர்-151-3பி ஆகியவற்றின் அளவு கருநிலை ஹீமோகுளோபினோடு இணைந்து மாறியதை 2011-இல் ஓர் ஆய்வு குறித்தது. இணைந்து மாறுவதற்கும் காரணமாக இருப்பதற்கும் உள்ள இடைவெளி பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

குறைந்துபோன மைக்ரோ ஆர்.என்.ஏ-வை ஊசியாகப் போட்டுவிட முடியாதா?

இரண்டு தடைகள் இருக்கின்றன. முதலாவது, சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது. ஆர்.என்.ஏ மருந்துகளை ஊசியில் செலுத்தினால் அவை கல்லீரலில் எளிதாகச் சேர்கின்றன. நுரையீரல் உட்படலத்தை மட்டும் குறிவைத்துச் சேர்ப்பது அவ்வளவு எளிதன்று. இரண்டாவது, பல இலக்குகள் உண்டு என்று மூன்றாம் விடையில் சொன்னது மருந்தாக்கும்போது பாதகமாகத் திரும்பலாம். மிர்-34ஏ-வின் செயற்கைப் பிரதி புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் அந்தச் சோதனை 2016-இல் நிறுத்தப்பட்டது.

கூட்டுவதைவிடத் தடுப்பது ஓரளவு எளிதாக இருந்திருக்கிறது. மிர்-122-ஐத் தடுக்கும் மிராவிர்சென், ஹெப்படைடிஸ்-சி நோயாளிகளிடம் வைரஸ் அளவைக் குறைத்தது. ஆனால் அது கல்லீரல். நம் சங்கிலியில் தேவைப்படுவதோ, உட்படலத்தில் குறைந்துபோனவற்றைக் கூட்டுவது.

ஆய்வெல்லாம் அமெரிக்காவில்தானே? நீலகிரிப் பழங்குடி மக்களுக்கும் இது பொருந்துமா?

இந்தியாவில் அரிவாள் மரபுப்பண்பு, அதாவது மாறிய மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்த நிலை, முதலில் பதிவானதே நீலகிரியில்தான். லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இல் அதை வெளியிட்டார்கள். நீலகிரி, வயநாடு பகுதிகளின் இருளர், பணியர் போன்ற சமூகங்களில் இன்றும் இது பரவலாகக் காணப்படுகிறது. தேசிய அரிவாள் செல் இரத்த சோகை ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது; 2047 அதன் இலக்கு ஆண்டு.

மேலே கூறிய ஆய்வுகளில் பங்கேற்ற நோயாளிகள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள். இந்தியப் பழங்குடியினரிடம் மிகுந்து காணப்படும் அரபு-இந்திய மரபணு வகையில் கருநிலை ஹீமோகுளோபின் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். ஆல்ஃபா குளோபின் குறைவாக உருவாகும் ஆல்ஃபா தலசீமியாவும் அடிக்கடி உடனிருக்கும். இரண்டும் சிவப்பணு உடைவைக் குறைப்பவை. உடைவு குறைந்தால் மஜ்ஜையின் வேகமும், அதிலிருந்து வரும் நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணியும் குறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். எனவே சங்கிலியின் வரிசை அதுவேயாக இருந்தாலும், அது இயங்கும் விசை வேறாக இருக்கலாம். அமெரிக்க நோயாளிகளின் எண்களை எடுத்து இங்குள்ளவர்களுக்கு வரம்பு வகுப்பது முறையாகாது.

எனக்கு மரபுப்பண்பு மட்டும்தான் இருக்கிறது, நோய் இல்லை. என் உட்படலமும் கெட்டிருக்குமா?

மரபுப்பண்பு மட்டும் உள்ளவர்களுக்கு இயல்பான ஹீமோகுளோபின் பாதிக்கு மேல் இருப்பதால், அன்றாட வாழ்வில் சிவப்பணுக்கள் அரிவாளாக வளைந்து உடைவதில்லை. ஆகவே ஐந்தாம் விடையில் சொன்ன சங்கிலியைத் தொடங்கிவைக்கும் மஜ்ஜை நெருக்கடி இவர்களிடம் இல்லை.

மைக்ரோ ஆர்.என்.ஏ இவர்களுக்கு ஒரு நன்மையும் செய்கிறது. மரபுப்பண்பு மலேரியாவிலிருந்து பாதுகாக்கிறது என்பது நெடுநாளாகத் தெரிந்ததே. அரிவாள் ஹீமோகுளோபின் உள்ள சிவப்பணுக்களின் மிர்-451, லெட்-7ஐ போன்றவை உள்ளே புகுந்த மலேரியா ஒட்டுண்ணியின் தூது ஆர்.என்.ஏ-க்களோடு இணைந்து அதன் வளர்ச்சியைத் தடுப்பதை 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. பாதுகாப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. இது அவற்றுள் ஒன்று.

மரபணுச் சிகிச்சை வந்துவிட்டதே. அதைச் செய்துகொண்டால் உட்படலமும் தானாகச் சரியாகிவிடுமா?

2023 டிசம்பரில் அமெரிக்காவில் இரண்டு மரபணுச் சிகிச்சைகள் ஒப்புதல் பெற்றன. அவற்றுள் ஒன்றான காஸ்ஜெவி, கருநிலை ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பி.சி.எல்-11ஏ மரபணுவின் இயக்கத்தைச் சிவப்பணு மரபில் தளர்த்துகிறது. அதே மரபணுவை வேறு வழியில் தணித்த போஸ்டன் ஆய்வில், தடுக்கும் துணுக்கை மைக்ரோ ஆர்.என்.ஏ-வின் கட்டமைப்புக்குள் பொதிந்து மஜ்ஜைச் செல்களுக்குள் அனுப்பினார்கள்; ஆறு நோயாளிகளின் முடிவுகள் வெளியாகின. உடல் இயல்பாகப் பயன்படுத்தும் ஆர்.என்.ஏ பட்டறையையே அந்தத் துணுக்கும் பயன்படுத்திக்கொண்டது.

சிவப்பணு உடைவது நின்றால் ஹீமும் குறையும், மஜ்ஜையின் அவசரமும் தணியும்; உட்படலத்தைத் தொடர்ந்து தாக்கும் காரணங்கள் விலகும். ஆனால் ஆண்டுக்கணக்கில் தடித்துப்போன நுரையீரல் தமனியோ, குறுகிப்போன மூளைத் தமனியோ அதனால் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று எண்ணக் கூடாது. சிகிச்சைக்கு முன் மஜ்ஜையை வெறுமையாக்கத் தரப்படும் புசல்ஃபான் மருந்தே உட்படலத்தைத் தாக்கக்கூடியது. கல்லீரலின் நுண்குழாய்கள் அதனால் அடைபடுவது மருத்துவர்கள் அஞ்சும் பக்கவிளைவு. ஆகவே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எக்கோ பரிசோதனை, மூளைக் குழாய்களுக்கான டாப்ளர், சிறுநீரில் புரத அளவு ஆகியவற்றைத் தொடர்ந்து பார்த்துவர வேண்டியிருக்கிறது.